வேடிக்கை பார்ப்பவர் விழித்துக்கொண்டால்

பள்ளிக்கூடம் என்பது ஏட்டுக் கல்வியை மட்டும் புகட்டும் இடமன்று. பிறரோடு கூடி வாழும் முறையை ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் இடமும் அதுவே. அத்தகைய இடத்தில் ஒரு மாணவன் மற்றொரு மாணவனைக் கண்டு நடுங்குவானாயின், ஆசிரியர் எவ்வளவு சிறப்பாகப் பாடம் நடத்தினாலும் அவனுக்கு அதனால் பயனில்லை. கண் பலகையில் இருக்கும். கருத்தோ ஓய்வு நேரத்தில் நேரப்போவதை எண்ணிக் கலங்கிக்கொண்டிருக்கும்.

பகடிவதை என்றதும் அடிதடி மட்டுமே பலருடைய நினைவுக்கு வருகிறது. அது ஒரு பகுதியே. வலிமை மிக்கவர் வலிமை குன்றியவரை வேண்டுமென்றே, மீண்டும் மீண்டும் துன்புறுத்துவதே பகடிவதையாகும். சிற்றுண்டிச்சாலைக்குக் கொண்டுவரும் காசைப் பறிப்பது, நிறத்தையும் உடற்குறையையும் சுட்டிப் பட்டப்பெயர் வைப்பது, திக்கிப் பேசுபவனைப் போல் பேசிக் காட்டுவது, தந்தையின் தொழிலைச் சொல்லி இழிவுபடுத்துவது, ஒருத்தியோடு யாரும் பேசக்கூடாதென்று மற்றவர்களைத் தடுப்பது, புலனக் குழுவில் ஒருவனுடைய படத்தைப் போட்டு நகைப்பது ஆகிய யாவும் பகடிவதையே. உடற்காயம் மருந்தால் ஆறிவிடும். முதலாம் ஆண்டில் வைத்த பட்டப்பெயரோ ஆறாம் ஆண்டு வரை உடன்வந்து, இடைநிலைப் பள்ளிக்கும் பின்தொடர்ந்து செல்லும்.

நம் நாட்டுச் சட்டம் இக்கொடுமையை இப்போது நேராகவே தடுக்கிறது. தண்டனைச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் 2025ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் நடப்புக்கு வந்தன. மிரட்டலாலும் இழிசொல்லாலும் ஒருவரை அச்சத்திற்கோ மனவேதனைக்கோ ஆளாக்குவது இன்று தண்டனைக்குரிய குற்றம். ஆயினும், 10 வயதுக்குட்பட்ட பிள்ளை செய்யும் செயல் குற்றமாகாது என்று அதே சட்டத்தின் 82ஆம் பிரிவு கூறுகிறது. தொடக்கப் பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளில் பயில்வோரில் பெரும்பாலோர் அவ்வயதினரே. சட்டம் வந்து சேருமுன் தீய பழக்கம் வேரூன்றிவிடும். ஆகவே, அதனை முளையிலேயே கிள்ள வேண்டிய பொறுப்பு நம்முடையது.

அதற்கு வழி என்ன? துன்புறுத்துபவனைத் தண்டித்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். தண்டனை வேண்டியதுதான், ஆனால் அது மட்டும் போதாது. துன்புறுத்துபவனும் துன்பப்படுபவனும் மட்டும் அங்கே நிற்பதில்லை. சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் கூட்டம் ஒன்றும் உண்டு. கனடா நாட்டில் தொடக்கப் பள்ளித் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்த அறிஞர்கள் 2001ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். 100 நிகழ்ச்சிகளில் 88இல் மற்ற மாணவர்கள் உடனிருந்தனர். 19இல் மட்டுமே யாரேனும் குறுக்கிட்டனர். குறுக்கிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் பத்து நொடிக்குள் கொடுமை நின்றுவிட்டது!

மாணவச் செல்வங்களே, இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பட்டப்பெயர் சொல்பவனுக்கு உங்கள் சிரிப்பே பரிசு. அந்தப் பரிசை நீங்கள் கொடுக்க மறுத்தால் அவன் ஊக்கம் இழப்பான். எதிர்த்துச் சண்டையிட வேண்டா. “வா, நாம் போவோம்” என்று துன்பப்படுபவனின் தோளில் கைபோட்டு அழைத்துச் செல்லுங்கள். பிறகு ஆசிரியரிடம் கூறுங்கள். “கோள் சொல்கிறான்” என்ற பழிக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்ளாதீர்கள். ஒருவனை மாட்டிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்வது கோள். ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வது கடமை.

ஆனால் மாணவர் வாய் திறந்தால் மட்டும் போதுமா? கேட்பதற்குச் செவி வேண்டாமா? முறையிட வந்த பிள்ளையிடம் “விளையாட்டுக்குச் செய்திருப்பான், போ” என்று சொல்லி அனுப்பினால், அப்பிள்ளை இரண்டாம் முறை வராது. “இரு கை தட்டினால்தான் ஓசை” என்னும் பழமொழியும் இங்கே பொருந்தாது. பகடிவதையில் ஓங்குவது ஒரு கை. தாங்குவது ஒரு கன்னம். இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வதாலும் பயனில்லை. அஞ்சுபவன் தன்னை அச்சுறுத்துபவன் முன்னிலையில் உண்மை பேசான். தனித்தனியே விசாரிப்பதே முறை. நார்வே நாட்டில் 1983ஆம் ஆண்டு தொடங்கி, பேராசிரியர் டான் ஒல்வியஸ் பள்ளிகளுக்கு வகுத்துத் தந்த திட்டத்தில் ஓய்வு நேரக் கண்காணிப்பும், வகுப்பு விதிகளும், பெற்றோர் சந்திப்பும் இணைந்திருந்தன. கழிப்பறையின் பின்புறம், மாடிப்படி, பேருந்து நிற்குமிடம் ஆகியவற்றில் ஆசிரியர் ஒருவர் உலவினாலே பாதித் தொல்லை குறையும்.

பெற்றோர்களே, விடியுமுன் தோட்டத்து வேலைக்கும் இரவில் தொழிற்சாலைக்கும் செல்லும் உங்களுக்கு ஓய்வு அரிது என்பதை யாவரும் அறிவர். இருப்பினும், உணவு வேளையில் கால்மணி நேரம் பிள்ளையோடு பேசுங்கள். “என்ன படித்தாய்?” என்பதோடு நில்லாமல், “யாரோடு விளையாடினாய்?” என்றும் கேளுங்கள். பென்சில் அடிக்கடி காணாமற்போவதும், சீருடை கிழிந்து வருவதும், பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிற்றுவலி என்று அழுவதும் காரணமின்றி நிகழ்வன அல்ல. “நீயும் திருப்பி அடி” என்று தூண்டாதீர்கள். அடிக்கக்கூடிய பிள்ளையானால் அவன் அழுதுகொண்டு வந்திருக்கமாட்டான். வகுப்பாசிரியரையோ கட்டொழுங்கு ஆசிரியரையோ நேரில் கண்டு பேசுங்கள். மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 என்ற தொலைபேசி எண்ணும் இரவு பகலாக உதவி வழங்குகிறது.

நம் பிள்ளைமீதே புகார் வந்தால்? “என் பிள்ளை அப்படிச் செய்யான்” என்று சினந்தெழுவது எளிது. உண்மையை ஆராய்ந்து திருத்துவதே அன்பு. வீட்டில் வசைச்சொல்லையும் கைந்நீட்டலையும் கண்டு வளரும் பிள்ளை, அவற்றையே பள்ளிக்கும் எடுத்துச் செல்லும். அவனும் நம் பிள்ளையே. அவனை ஒதுக்கிவிடாமல், அவன் வலிமையை நல்வழியில் திருப்புவதும் நம் கடமையாகும்.

வள்ளுவப் பெருந்தகை ‘இன்னா செய்யாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார். பிறர்க்கு இன்னா செய்யாதிருப்பதோடு, பிறர் செய்யும்போது பார்த்துக்கொண்டு நில்லாதிருப்பதும் நாம் பழக வேண்டிய அறம். மாணவர் சொல்லத் துணியட்டும்; ஆசிரியர் செவிசாய்க்கட்டும்; பெற்றோர் பொறுப்பேற்கட்டும். அச்சமின்றி ஒவ்வொரு பிள்ளையும் நுழையும் பள்ளியே நல்ல பள்ளி. அத்தகைய பள்ளியாக நம் பள்ளியை ஆக்குவோமாக!