பேருந்து கட்டிய நகரம் பேருந்தை வாடகைக்கு எடுக்கிறது

மாரெட்பள்ளியை ஒட்டிய ஜூபிலி பேருந்து நிலையத்தில் இன்று வந்து நிற்கும் மின்பேருந்துகளின் மேல் தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வண்டி கழகத்தின் சொத்தன்று. அதை ஓட்டுபவர் கழகத்தின் ஊழியரல்லர். ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியார் நிறுவனத்துக்குக் கழகம் வாடகை செலுத்துகிறது. 2019இல் விமான நிலையத் தடத்தில் 40 வண்டிகளோடு தொடங்கிய இந்த ஏற்பாடு, இப்போது நகரப் போக்குவரத்தின் பொதுவிதியாக ஆக்கப்படுகிறது. பிரதமரின் மின்வாகனத் திட்டத்தில் ஹைதராபாத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ள 2,000 பேருந்துகளும் இதே குத்தகை முறையில்தான் வரவிருக்கின்றன.

இந்த நகரத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது சாதாரண நிர்வாக மாற்றமாகத் தோன்றாது. 1932 ஜூன் மாதம், நிஜாம் அரசு ரயில்வேயின் ஒரு பிரிவாக, 27 பேருந்துகளோடும் 166 ஊழியர்களோடும் இங்கு அரசுப் போக்குவரத்து தொடங்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1942இல், ஹைதராபாத் ஆல்வின் உலோக ஆலை பிறந்தது. எண்ணூரில் உருவான அசோக் லேலண்ட் அடிச்சட்டத்தின் மேல் சனத்நகரில் கூடு கட்டப்பட்டு, இரட்டைத்தட்டுப் பேருந்துகள் இந்நகரத்தின் வீதிகளில் ஓடின. தமிழகத் தொழிலாளியின் உழைப்பும் ஹைதராபாத் தொழிலாளியின் உழைப்பும் ஒரே வண்டியில் இணைந்திருந்தன.

ஆலைகள் பொருளை மட்டும் உற்பத்தி செய்யவில்லை, நகரத்தையும் உருவாக்கின. சனத்நகரிலும் கவாடிகூடாவின் பிராகா கருவி ஆலையிலும் வேலை செய்தவர்களின் நிரந்தர ஊதியத்தை நம்பித்தான் குடியிருப்புகளும் கடைவீதிகளும் பள்ளிகளும் வளர்ந்தன. தெலுங்கும் உருதும் தமிழும் பேசிய தொழிலாளர்களை ஆலை வாயில் கூட்டங்கள் ஒன்று சேர்த்தன. குக்கட்பள்ளியில் ஆல்வின் காலனி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. ஆலைதான் இல்லை.

அது தானாக அழியவில்லை. ஜப்பானின் நிசானோடு சேர்ந்து ஜஹீராபாத்தில் தொடங்கப்பட்ட வாகன ஆலை 1980களின் இறுதியில் மகிந்திராவின் கைக்குப் போனது. குளிர்பெட்டிப் பிரிவு 1990களில் டாடா குழுமத்தின் வோல்டாசுக்குச் சென்றது. நட்டம் என்று சொல்லி விற்பதும், விற்ற பிறகு அதே தொழிலில் தனியார் லாபம் ஈட்டுவதும் தாராளமயத்தின் நிரந்தரச் சூத்திரம். இன்று அந்தச் சூத்திரம் போக்குவரத்துக் கழகத்தின் மீது பிரயோகிக்கப்படுகிறது.

கழகத்தின் தொழிலாளர்கள் இதை முன்பே உணர்ந்தார்கள். 2019 அக்டோபர் 5 அன்று ஏறத்தாழ 48,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்கள் தாமாகவே வேலையை இழந்துவிட்டனர் என்று அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவ் அறிவித்தார். கம்மத்தைச் சேர்ந்த ஓர் ஓட்டுநர் தீக்குளித்து மாண்டார். 50 நாட்களைக் கடந்தும் போராட்டம் நீடித்தது. அதே அரசு 2023 ஆகஸ்டில், தேர்தல் நெருங்கிய வேளையில், 43,373 ஊழியர்களை அரசுப் பணியில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆட்சி மாறியது, காங்கிரஸ் அரசும் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் காலம் கடத்தியது. 2025 மே மாதம் மீண்டும் வேலைநிறுத்த அறிவிப்பு வெளியானது. அதிகாரிகள் குழு அமைக்கப்படும் என்ற உறுதிமொழியின் பேரில் அது ஒத்திவைக்கப்பட்டது. மின்பேருந்துகளைக் கழகமே சொந்தமாக வாங்கி இயக்க வேண்டும் என்பது அப்போதும் தொழிலாளர்களின் கோரிக்கையாக இருந்தது.

மின்பேருந்தை எவரும் எதிர்க்கவில்லை. புகையற்ற வண்டி உழைக்கும் மக்களுக்குத்தான் முதலில் தேவை. 2023 டிசம்பரில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின் பேருந்துகளின் தேவை பெருகியிருப்பதும் உண்மை. கேள்வி வேறு. பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து மானியம், பொதுச் சொத்தான பணிமனையில் இடம், பயணிகள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் உறுதியான வாடகை: இத்தனையும் கிடைக்கும் நிறுவனம் ஏற்கும் பொறுப்புதான் என்ன? கழகத்தின் ஓட்டுநர் பணியிடமும் பணிமனை மெக்கானிக்கின் பணியிடமும் மெல்ல மறைகின்றன. வட்டச் சாலைக்கு வெளியே உள்ள ஏழைக் குடியிருப்புக்கு ஒரு தடம் வேண்டும் என்று மக்கள் கேட்டால், ஒப்பந்தத்தைக் காட்டி மறுக்க முடிகிறது.

உலகின் மோட்டார் தலைநகர் எனப்பட்ட டெட்ராய்ட், 1956இல் தன் கடைசி டிராம் தடத்தை மூடி, வண்டிகளை மெக்சிகோ நகருக்கு விற்றது. 1950இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நகரம் 2013இல் திவாலானபோது, அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திடம் இருக்கவில்லை. நியமிக்கப்பட்ட அவசரகால மேலாளர் ஒருவரிடம் இருந்தது. ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதியம் வெட்டப்பட்டது. மூலதனத்தின் கணக்குக்கு நகரத்தை ஒப்படைத்தால் முதலில் தொழில் போகும், பின்னர் பொதுச் சேவை போகும், இறுதியில் மக்களின் குரலும் போகும்.

மின்பேருந்துகள் கழகத்தின் சொத்தாக இருக்க வேண்டும்; ஓட்டுநரும் மெக்கானிக்கும் கழகத்தின் நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும்; பணிமனை நிலம் தனியார் வசம் போகக் கூடாது; 2023ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வர வேண்டும். இவை தொழிற்சங்கக் கோரிக்கைகளாக மட்டும் நின்றுவிடக் கூடாது. கன்டோன்மென்ட் காலம் தொட்டு செகந்திராபாத்தில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் உட்பட, பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஒவ்வொருவரின் கோரிக்கையாகவும் இவற்றை ஆக்குவதே கட்சித் தோழர்களின் கடமை. 2019இல் தொழிலாளர்கள் பணிமனை வாயிலில் நின்றார்கள். அடுத்த முறை பயணிகளும் அவர்களோடு அங்கே நிற்க வேண்டும்.