பகடைக்குள் அடங்குமோ பேயின் அச்சம்?

இலக்கியம் நம் நெஞ்சில் எழுப்பும் உணர்வுகளுள் அச்சத்திற்கெனத் தனியிடம் உண்டு. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அதனை வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை என நான்காக வகுத்துள்ளார். அவ்வியலிலேயே கல்வி, தறுகண்மை, புகழ், கொடை ஆகிய நான்கினின்றும் பிறக்கும் பெருமிதத்தையும் அவர் கூறுகின்றார். மேலைநாட்டில் தோன்றி உலகெங்கும் இளைஞரைக் கவர்ந்துள்ள ஒரு விளையாட்டைப் பற்றிய வினாவினை ஆராய இவ்விரு மெய்ப்பாடுகளே நமக்கு அளவுகோல்களாக அமைகின்றன. பெருமிதத்தையே உயிராகக் கொண்ட ஓர் ஆட்டத்தில் அச்சம் குடிபுகுதல் பொருந்துமா என்பதே அவ்வினா.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பதே பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் முன்னோடி. நண்பர் சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வாள்வீரன், மந்திரவாதி, சமயகுரு என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். அவர்தம் செயல் வெல்லுமா வீழுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். வெற்றி பெறப் பெறப் பாத்திரம் படிநிலை உயர்ந்து வலிமை பெறும். இன்று எளியனாய்த் தொடங்கியவன் நாளை நாடு போற்றும் வீரனாவான்.

இவ்வுலகில் பாழ்மாளிகைக்கும் குருதி குடிக்கும் காட்டேரிக்கும் இடமில்லை என்பார் உளர். அவர்தம் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' முதலாகவே கோதிக் புதினங்களின் மாந்தர் பெரும்பாலும் தனித்தவர், வலியற்றவர், தப்ப வழியறியாதவர். விளையாட்டின் மாந்தரோ கூட்டமாக வருபவர். கையில் வாளும் மந்திரமும் உடையவர். மேலும், பேயின் உடல்வலு இத்துணை, அதன் காப்பு இத்துணை என எண்களால் குறிக்கப்பட்டவுடன் மருமம் மறைந்து கணக்கே எஞ்சுகிறது. கணக்கிடத்தக்கதற்கு எவர் அஞ்சுவர் என அவர்கள் வினவுகின்றனர்.

எனினும், வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. முதல் நூல் அச்சேறுவதற்கு முன்பே, ஆர்னசன் நடத்திய 'பிளாக்மூர்' ஆட்டத்தில் காட்டேரி புகுந்துவிட்டது. ஆட்டக்காரர் ஒருவரின் பாத்திரமே காட்டேரியாகி ஏனையோரை அலைக்கழித்தபோது, அதனை எதிர்கொள்ளும் பொருட்டே சமயகுரு என்னும் பாத்திரவகை உருவாயிற்று. இன்றளவும் அவ்விளையாட்டின் தூண்களுள் ஒன்றாக விளங்கும் சமயகுரு, காட்டேரியின் வருகையால் பிறந்தவரே. ஆகவே காட்டேரியைப் பின்னாளில் வந்து புகுந்த அயலாகக் கருதுதல் பொருந்தாது.

பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா' புதினமும் இதற்கு அரண் செய்கிறது. அப்புதினத்தில் டிராகுலாவை வெல்பவர் தனியொரு வீரர் அல்லர். மருத்துவர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், பிரபு ஒருவர், அமெரிக்கர் ஒருவர், பல்துறை வல்ல பேராசிரியர் ஒருவர், நாட்குறிப்புகளைத் தட்டச்சுச் செய்து தொகுத்து ஒழுங்குபடுத்தும் மீனா என்னும் பெண்மணி ஆகியோர் தத்தம் ஆற்றலை ஒன்றிணைத்தே வெல்கின்றனர். வெவ்வேறு திறனுடையோர் ஒரு குழுவாய் இயங்கும் இவ்வமைப்பு, பிற்கால விளையாட்டின் அமைப்போடு பெரிதும் ஒத்திருத்தல் காண்க.

இனி, எத்தகைய காட்டேரி பொருந்தும் என்பதை நோக்குவோம். நிலவறைகளில் வழியிடை எதிர்ப்படும் மற்றுமோர் எதிரியாகக் காட்டேரி கிடப்பதைக் கண்ட டிரேசி ஹிக்மன், இதற்கு இங்கு என்ன வேலை என வினவினார். அவ்வினாவிற்கு விடையாக அவரும் அவர்தம் துணைவியார் லாராவும் படைத்ததே 1983இல் வெளிவந்த 'ரேவன்லாஃப்ட்' என்னும் ஆட்டக்கதை. அதன் தலைவன் ஸ்ட்ராட், பரோவியா நாட்டின் ஆட்சியாளன். தம்பியின் மணமகளாகிய தத்யானாவை விரும்பித் தம்பியைக் கொன்றவன். அவளோ அவனுக்கு ஆட்படாது கோட்டை மதிலிலிருந்து குதித்தாள். அப்பழி அவனை என்றும் விட்டு நீங்குவதில்லை.

தொல்காப்பியரின் நான்கு களன்களையும் இப்பாத்திரத்தின்மேல் பொருத்திப் பார்த்தால் உண்மை புலப்படும். ஸ்ட்ராட் இறந்தும் இறவாத அணங்கு. ஓநாயாகவும் வௌவாலாகவும் உருமாறும் விலங்கு. இரவில் வந்து உயிர்க்குருதியைக் கவரும் கள்வன். அனைத்திற்கும் மேலாக அந்நாட்டு மக்களை ஆளும் இறை. சாதாரண அரக்கனிடம் விலங்கு என்னும் ஒரு களனே உண்டு. எனவே அவனை வெட்டினால் அச்சம் தீர்கிறது. நான்கும் ஒருங்கே அமைந்தவனிடம் வாள் மட்டும் போதாது. அவனது கதையை அறிந்தாக வேண்டும்.

அச்சம் பெருமிதத்தை எங்ஙனம் தீண்டுகிறது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். பழைய விதிகளின்படி காட்டேரியின் தாக்குதல் ஒருமுறை பட்டாலே வீரன் இரண்டு படிநிலைகளை இழப்பான். பல மாதங்கள் ஆடி ஈட்டிய கல்வியும் தறுகண்மையும் ஒரு நொடியில் கரையும். உயிரிழப்புக்கு அஞ்சாத ஆட்டக்காரரும் இதற்கு அஞ்சினர். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, நெடிய ஓய்வுக்குப்பின் மீளும் உடல்வலுக் குறைவாக இவ்விழப்பை மென்மைப்படுத்திவிட்டது. அதனால் ஆட்டம் எளிதாயிற்று, அச்சமோ குறைந்தது. இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் அச்சத்திற்கு வேரில்லை என்பது நம் கருத்து.

ஆன் ராட்கிளிஃப் அம்மையார் மறைந்தபின் 1826இல் வெளியான கட்டுரையொன்று, உள்ளத்தை விரிக்கும் திகிலையும் அதனைச் சுருக்கி உறையவைக்கும் கொடூரத்தையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. ஆட்டத்தை நடத்துவோர் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும். குருதியையும் சிதைந்த உடலையும் விரித்துரைப்பது கொடூரம். அது விரைவில் சலித்துவிடும். பூட்டிய கதவும், மாலையில் சன்னல்களை அடைத்துக்கொள்ளும் ஊராரும் திகிலைத் தருவர்.

மற்றொரு வழியும் உண்டு. 1991இல் மார்க் ரெயின்-ஹேகன் வடிவமைத்த 'வாம்பயர்: தி மாஸ்க்கரேட்' என்னும் ஆட்டத்தில் ஆட்டக்காரரே காட்டேரி. அங்கு மனிதத்தன்மை ஓர் அளவாகக் குறிக்கப்படும். கொடுஞ்செயல்களால் அது தேயத் தேய, முடிவில் பாத்திரமே ஆட்டக்காரரின் கையைவிட்டு நீங்கும். அச்சம் வெளியே இல்லை, நம்முள்ளேயே உள்ளது என்னும் இவ்வெண்ணம் ஆழமானது. ஆயினும் அவ்வளவினை மறந்து, காட்டேரியைக் கவர்ச்சியும் வலிமையும் மிக்க தலைவனாக மட்டும் கொண்டாடினால், எஞ்சுவது தீமையின் ஒப்பனையே.

இங்கே பெரியோர் எழுப்பும் கவலையையும் நாம் மதிக்கிறோம். 1980களில் அமெரிக்கப் பெற்றோர் பலர் இவ்விளையாட்டை எதிர்த்தனர். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு பேய், பிசாசு என்னும் பொருள்தரும் சொற்களையே நீக்கியது. மறு ஆண்டே, 1990இல், காட்டேரிக்கென முழுதொரு நாடகவுலகமாக 'ரேவன்லாஃப்ட்' விரிவாக்கப்பட்டது. சொல்லை நீக்குவதால் பொருள் நீங்குவதில்லை என்பதற்கு இது சான்று. உண்மையான தீங்கு வேறிடத்தில் இருந்தது. அவ்வுலகில் வரும் விஸ்தானி என்னும் நாடோடி மக்கள், ஐரோப்பிய ரோமா மக்களைப் பற்றிய பழைய இழிகருத்துகளைச் சுமந்திருந்தனர். 2016இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' நூலில் அமைந்த அச்சித்திரிப்பை வெளியீட்டாளர் 2020இல் திருத்த முற்பட்டனர். 2021இல் வந்த 'ரேவன்லாஃப்ட்' வழிகாட்டி நூல், எவ்வெவ் அச்சங்கள் வேண்டா என ஆட்டக்காரர் முன்கூட்டியே கலந்து பேசவும் வழிவகுத்தது. கற்பனைப் பேய்க்கு அஞ்சி மகிழலாம். உயிருள்ள ஒரு மக்களினத்தைப் பேயாக்கி மகிழ்தல் ஆகாது.

தொகுத்து நோக்கின், காட்டேரி இவ்விளையாட்டிற்குப் பொருந்தும் என்பதே நம் முடிவு. ஆனால், அது வழியில் கிடக்கும் எதிரியாக அன்றி, நிலமும் வரலாறும் பழியும் உடைய பாத்திரமாக வருதல் வேண்டும். வீரன் இழக்க அஞ்சுவது ஒன்றேனும் இருத்தல் வேண்டும். ஆடுவோர் அனைவரும் மனமொப்பி அவ்விருளில் நுழைதல் வேண்டும். அச்சமே அறியாதவன் துணிந்தான் என்று எவரும் சொல்லார். அஞ்சியும் அடியெடுத்து வைப்பவனிடமே தறுகண்மை விளங்கும். அச்சம் பெருமிதத்திற்குப் பகையன்று. அது பெருமிதத்தை உரைத்துப் பார்க்கும் கல்.