முயல் படம் போட்ட கடிதம்

நோயில் படுத்த குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்? பழம் கொடுப்போம், பொம்மை கொடுப்போம். இங்கிலாந்துப் பெண் ஒருவர் கடிதம் அனுப்பினார்.

அவர் பெயர் பியாட்ரிக்ஸ் பாட்டர். வீட்டில் வளர்த்த முயலைப் பார்த்துப் படம் வரைவது அவருக்குப் பொழுதுபோக்கு. அப்படி வரைந்த கிறிஸ்துமஸ் வாழ்த்துப் படங்களை 1890-ம் ஆண்டில் ஒரு கம்பெனி 6 பவுண்டுக்கு வாங்கியது.

1893-ம் ஆண்டு செப்டம்பரில் அவர் ஸ்காட்லாந்தில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் மகன் நோயலுக்கு வயது 5. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். அவனுக்கு 4 முயல் குட்டிகளின் கதையைப் படம் போட்டு எழுதினார். அம்மா சொல் கேளாமல் தோட்டத்தில் புகுந்து, தப்பினோம் பிழைத்தோம் என்று ஓடி வரும் குறும்புக்காரன்தான் பீட்டர்!

பையன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, பத்திரமாக வைத்திருந்தான். பல ஆண்டுகள் கழித்து பாட்டர் அதை இரவல் வாங்கி, புத்தகமாக விரித்து எழுதினார்.

பதிப்பாளர்கள் கைவிரித்தார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. 1901-ல் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறுத்த பதிப்பகங்களில் ஒன்றே 1902-ல் அதை வெளியிட்டது. இன்று பீட்டர் முயலை உலகமே அறியும்.

அந்தக் கடிதம் குப்பைக்குப் போயிருந்தால்?

பெற்றோர்களே! பிள்ளை படம் வரைந்து நீட்டினால், "கிறுக்காதே" என்று அதட்டாதீர்கள். வாங்கிப் பாருங்கள். தேதி எழுதிப் பெட்டியில் வையுங்கள். நீங்களும் ஒரு படம் வரைந்து கொடுங்கள். கோணலாக இருந்தாலும் குற்றமில்லை. குழந்தை பார்ப்பது கோட்டை அல்ல, அன்பை!