முயல் தீனி எடுக்கவில்லையா? நாளைக்கு என்று தள்ளாதீர்கள்

கேள்வி: என் மகள் இரண்டு முயல்கள் வளர்க்கிறாள். போன மாதம் ஒன்று தீனி எடுக்காமல் கிடந்தது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம், இறந்துவிட்டது. மற்றதற்கும் இப்படி வந்தால் ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் கொஞ்சம் கொடுக்கலாமா?
- வாசகர், கோட்டுச்சேரிமேடு, காரைக்கால்

பதில்: கூடவே கூடாது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால், முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து கெட்டவை பெருகும். உயிரே போகலாம். நாய் உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனிலும் முயலுக்கு நஞ்சு.

முயலின் குடல் எந்நேரமும் அசைந்துகொண்டிருக்க வேண்டும். தீனி நின்றால் அசைவு குறைந்து, உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், வலியால் மேலும் தின்னாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே அரை நாள் தீனி எடுக்காவிட்டாலோ, புழுக்கை போடாவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். புழுக்கை சிறுத்துப்போவது, மூலையில் கூனி உட்காருவது, பல்லை நறநறவென்று கடிப்பது ஆகியவை முன் அறிகுறிகள்.

கிளம்பும் முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். மத்தளம்போல் உப்பியிருந்தால் வாயில் எதையும் புகட்டாதீர்கள். உப்பாவிட்டால் தண்ணீரும் பச்சைப் புல்லும் முன்னால் வையுங்கள். பட்டினி போட வேண்டாம். உடல் சில்லிட்டிருந்தால், துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வையுங்கள். கோடையில் உடல் கொதித்து, வாய் திறந்து இளைத்தால், நிழலில் கிடத்திக் காதுகளை ஈரத்துணியால் துடையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

காதைப் பிடித்துத் தூக்காமல், காற்றோட்டமான பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். கடைசியாகப் போட்ட புழுக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் காரைக்காலிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். தொலைவு என்பதால் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வராமல் தடுக்கும் வழி தீனியில்தான் இருக்கிறது. பெரும்பகுதி அருகம்புல், காய்ந்த புல் என்று நார்த்தீனியாகவே இருக்கட்டும். முயலின் பல் வாழ்நாள் முழுதும் வளரும். புல்லை மென்றால்தான் தேயும். பல் நீண்டு குத்தினாலும் தீனி நின்றுவிடும். சோறு, ரொட்டி, பிஸ்கட் வேண்டாம். மழையில் நனைந்து சூடேறிய புல்லையும் போடாதீர்கள்.

உங்கள் பகுதி மருத்துவர் முயலுக்கு வைத்தியம் பார்ப்பாரா என்று இப்போதே கேட்டு, போன் எண்ணைக் கூண்டருகே எழுதி ஒட்டிவையுங்கள். தினமும் காலையில் புழுக்கையைப் பார்க்கும் வேலையை மகளிடமே கொடுங்கள்.