முதியோருக்கு மருந்து மட்டும் போதாது, வீடும் திருந்த வேண்டும்

முதியோருக்கு ஏற்படும் காயங்களுக்கு முதன்மைக் காரணம் கீழே விழுவது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுதோறும் உலகில் சுமார் 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள். அவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். தமிழ்நாடு வேகமாக மூப்படைந்துவரும் மாநிலம். 2011 கணக்கெடுப்பில் மாநில மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருந்தனர். 2031இல் இது 18.2 விழுக்காட்டை எட்டும் என்று மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு கணித்துள்ளது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதியவராக இருக்கப்போகும் மாநிலத்தில், அவர்கள் வாழும் வீடு பாதுகாப்பானதா என்பதைப் பொதுச் சுகாதாரத் துறை கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை காணப் பயிற்சி பெற்றவர் செயல்வழி சிகிச்சையாளர். வீடு தேடிச் செல்லும் அரசு மருத்துவக் குழுவில் அவருக்கு இடம் தரப்பட வேண்டும். வேலூர் மாவட்டத்தின் கணியம்பாடி ஒன்றியத்தில் அதைத் தொடங்க வேண்டும்.

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழி சிகிச்சை, ஒருவர் தம் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ள உதவும் துறை. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறை செல்வது, சமைப்பது, கோயிலுக்கோ கடைக்கோ போய்வருவது எல்லாம் இதன் எல்லைக்குள் வரும். இயன்முறை மருத்துவர் முழங்காலுக்கு வலுவூட்டுகிறார். அந்த முழங்காலோடு வீட்டின் உயரமான வாசற்படியை எப்படித் தாண்டுவது, படியை எப்படி மாற்றுவது என்பதைச் செயல்வழி சிகிச்சையாளர் பார்க்கிறார். இருவர் பணியும் ஒன்றையொன்று நிறைவு செய்வது. ஒருவருக்குப் பதில் மற்றவர் ஆகமாட்டார். இந்தியாவில் இத்துறைக்கான முதல் பள்ளியை 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். 2021ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் இதற்குச் சட்டபூர்வ ஏற்பும் தந்திருக்கிறது.

வேலூருக்கு இத்துறை புதிதல்ல. தொழுநோயால் மடங்கிய விரல்களை மருத்துவர் பால் பிராண்ட் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியபோது, நிமிர்ந்த கைக்குப் பிழைக்கும் வழியும் தேவை என்பது தெரிந்தது. அதனால் 1950களின் தொடக்கத்திலேயே கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தில் புதுவாழ்வு மையம் உருவாகி, தச்சுவேலை உள்ளிட்ட கைத்தொழில்கள் கற்பிக்கப்பட்டன. 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி அத்துறையை வேலூரில் வளர்த்தார்; அங்குள்ள பாகாயத்தில் மறுவாழ்வு நிறுவனம் 1966இல் அமைந்தது. அதே கல்லூரியின் சமுதாய நலத் துறை கணியம்பாடி ஒன்றியத்தின் சிற்றூர்களுக்குப் பல பத்தாண்டுகளாகச் செவிலியரையும் மருத்துவரையும் அனுப்பிவருகிறது. ஒன்றியத்திலேயே அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. இத்தனை வசதியுள்ள பகுதியில் செய்ய முடியாத ஒன்றை வேறு எந்த ஒன்றியத்திலும் எதிர்பார்க்க முடியாது.

இப்பகுதிக் குடும்பங்களின் வாழ்க்கைமுறையும் தேவையைக் கூட்டுகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் இளையவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஷூ கம்பெனிகளுக்குக் காலையில் புறப்பட்டுவிடுகிறார்கள். பகல் முழுதும் வீட்டில் இருப்பவர் பாட்டியோ தாத்தாவோதான்; பல வீடுகளில் பேரக்குழந்தையும் அவர் பொறுப்பு. டேனரியின் ஈரத் தரையில் பல ஆண்டுகள் நின்று உழைத்த கால்களுக்கும், கழனியில் குனிந்து நாற்று நட்ட இடுப்புக்கும் ஓய்வு வயதில் கிடைப்பது மூட்டுத் தேய்மானம். அதனுடன் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்து, கண்ணில் புரை விழுந்து, இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் விழுவதற்கான காரணங்கள் முழுமையாகிவிடுகின்றன.

கிராமத்து வீட்டின் அமைப்பு எஞ்சியதைச் செய்துமுடிக்கிறது. மழைநீரும் பூச்சியும் நுழையாதிருக்க வாசல் நிலைப்படி உயர்த்திக் கட்டப்படுகிறது. திண்ணைப் படிகளுக்குக் கைப்பிடி இருப்பதில்லை. கழிப்பறை வீட்டுக்கு வெளியே, தோட்டத்து மூலையில், இரண்டு மூன்று படி உயரத்தில் நிற்கிறது. உள்ளே குந்தி அமரும் பீங்கான், பிடித்து எழ எதுவுமில்லை. துவைகல்லைச் சுற்றிப் பாசி படிகிறது. முற்றத்தில் ஆடு கட்டிய கயிறு குறுக்கே கிடக்கிறது. இரவில் சிறுநீர் கழிக்க எழும் முதியவர், மின்விளக்கின் பொத்தானைத் தேடும் முன்பே இருட்டில் நான்கு அடி நடந்துவிடுகிறார். இவற்றில் ஒன்றுகூட மருத்துவமனையின் வெளிநோயாளி அறையில் மருத்துவர் கண்ணில் படாது.

ஆகவே செயல்வழி சிகிச்சையாளரின் முதல் வேலை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. கடந்த ஓராண்டில் விழுந்ததுண்டா, எங்கே, எந்த நேரத்தில், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று கேட்கிறார். பிறகு அந்த முதியவரைத் தம் வழக்கப்படியே எழுந்து, நடந்து, நீர் மொண்டு, அடுப்பருகே அமர்ந்து காட்டச் சொல்கிறார். கால் தடுமாறும் இடமும் கை எதைத் தேடிப் பற்றுகிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும். பார்வை, கைவலு, நினைவாற்றல், மனநிலை ஆகியவற்றையும் சோதிக்கிறார். மயக்கம் தரும் மருந்து இருந்தால் மருத்துவருக்குத் தெரிவிக்கிறார்.

இரண்டாவது வேலை வீட்டைத் திருத்துவது. தேவைப்படுபவை பெரும்பாலும் சிறு மாற்றங்களே. மஞ்சள் குங்குமம் இடும் நிலைப்படியை இடிக்க எந்தக் குடும்பமும் சம்மதிக்காது, சம்மதிக்கவும் வேண்டியதில்லை. இருபுறமும் அரைப்படி ஒன்று கட்டி, விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் பட்டை தீட்டி, பக்கத்தில் கைப்பிடி பொருத்தினால் போதும். கழிப்பறையிலும் குளிக்கும் இடத்திலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் தடிப்புள்ள பிடிகம்பி வேண்டும். அதைச் செங்கல் சுவரில் உறுதியாகப் பதிக்க வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. மண்சுவராக இருந்தால் தரையில் ஊன்றிய குழாய்ச் சட்டம் அமைக்கலாம். குந்தி எழ முடியாதவருக்குப் பீங்கானுக்கு மேல் வைக்கும் துளையிட்ட நாற்காலி போதும். கழுவிய தரையில் நீர் தேங்காமல் சாய்வு, சொரசொரப்பான தளம், படுக்கையிலிருந்தே எட்டும் விளக்குப் பொத்தான், கழிப்பறைப் பாதைக்கு ஒரு விளக்கு, இடுப்பு உயரத்தில் அரிசி பருப்பு டப்பாக்கள் ஆகியவை அடுத்த தேவைகள்.

மூன்றாவது வேலை, பயன்படுத்தும் பொருளையும் பழக்கத்தையும் சரிசெய்வது. ஊன்றுகோலின் பிடி, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். வலியுள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இதைச் சொல்லித்தராமல் முகாமில் கொடுத்தனுப்பும் கோல் பல வீடுகளில் மூலையில் சாய்ந்து கிடக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கும். உணர்விழந்த பாதங்களுக்கான எம்.சி.ஆர். எனும் நுண்ணறை ரப்பர் செருப்பு, தொழுநோயாளிகளுக்காக வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நடந்த பணியோடு பிறந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கும் அதுவே உதவுகிறது. உலகச் சந்தைக்குக் காலணி தைக்கும் இவ்வட்டாரத்தில், குதிகாலைப் பற்றும் வாருள்ள நல்ல செருப்பு ஒவ்வொரு முதியவருக்கும் கிடைக்க வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்து பிறகு நிற்பது, துணியை நின்றபடி உடுத்தாமல் அமர்ந்து உடுத்துவது போன்ற பழக்கங்கள் செலவில்லாதவை. ஆனால் ஒருவர் உடனிருந்து பழக்கினால்தான் நிலைக்கும்.

விழுந்துவிடுவார் என்ற அச்சத்தில் முதியவரைக் கட்டிலோடு உட்கார வைப்பது பாதுகாப்பு ஆகாது. அசையாத உடலில் தசை மெலிகிறது. மெலிந்தவர் எழும் முதல் நாளிலேயே விழுகிறார். செயல்வழி சிகிச்சை வேலையைப் பறிப்பதில்லை, செய்யும் விதத்தை மாற்றுகிறது. தரையில் குந்தி காய் நறுக்கியவர் நாற்காலியில் அமர்ந்து நறுக்கலாம். ஆட்டை இழுத்துப் போனவர் திண்ணையில் அமர்ந்து பூக் கட்டலாம். மறதி நோய் உள்ளவருக்கு ஒரே ஒழுங்கில் அமைந்த நாள், கழிப்பறைக் கதவில் தெளிவான அடையாளம், எரிவாயு அடுப்புக்குப் பூட்டு, வாசலில் மணி ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். மனநலமும் இதில் அடங்கும். கணியம்பாடி ஒன்றியத்தில் 65 வயதைக் கடந்த 1,000 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, அவர்களில் 12.7 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வைக் கண்டது. வறுமையும் பசியும் அதனோடு சேர்ந்திருந்தன. மனம்விட்டுப் பேச ஆள் அதிகம் உள்ளவர்களிடம் அது குறைவாக இருந்தது. தெருவுக்கு இறங்கி அண்டை வீட்டாரோடு பேசிவர வழிசெய்யும் ஒரு கைப்பிடி, மனதுக்கும் மருந்தாகிறது.

இவையெல்லாம் பயன் தருகின்றன என்பதற்குச் சான்று உண்டு. சிட்னியில் 530 முதியோரிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வில், முந்தைய ஆண்டு விழுந்திருந்தவர்களின் வீட்டுக்குச் செயல்வழி சிகிச்சையாளர் சென்றதால், அவர்கள் மீண்டும் விழும் ஆபத்து 36 விழுக்காடு குறைந்தது. வீட்டுக்கு வெளியே விழுவதும் குறைந்தது என்பது, பொருளோடு பழக்கமும் மாறியதைக் காட்டுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வீட்டு ஆபத்துகளைக் களைவது விழும் எண்ணிக்கையை 26 விழுக்காடு குறைக்கிறது. விழும் அபாயம் மிகுந்தவர்களிடம் 38 விழுக்காடு. அபாயத்தின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்படாதவர்களிடம் பெரும் பலன் இல்லை. எல்லா வீட்டுக்கும் போக வேண்டியதில்லை, தேவையுள்ள வீட்டுக்குப் போனால் போதும் என்பதே இதன் பொருள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வகுத்த ஒரு திட்டத்தில் செயல்வழி சிகிச்சையாளர், செவிலியர் ஆகியோரோடு பழுதுபார்க்கும் தொழிலாளியும் குழுவில் ஒருவர். இங்கே அந்த இடம் ஊர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் உரியது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதற்கான பாதையை ஏற்கெனவே போட்டுவிட்டது. மகளிர் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். செயல்வழி சிகிச்சையாளர் மட்டும் அந்தக் குழுவில் இல்லை. மத்திய அரசின் ‘வயோஸ்ரீ’ திட்டம் 2017 முதல் வறிய முதியோருக்கு ஊன்றுகோலும் நடைச்சட்டமும் தருகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிறது. இடுப்பெலும்பு முறிந்தபின் செலவழிக்க வழியிருக்கிறது. முறியாமல் காக்கும் பிடிகம்பிக்கு வழியில்லை. 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையில் வாழ்பவர் கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் அந்த மாதச் செலவுக்குத் திண்டாட வேண்டும்.

எதிர்வாதங்களும் உண்டு. பெற்றோரைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்பது முதலாவது. அந்தக் கடமையை யாரும் மறுக்கவில்லை. காலை ஷிப்டுக்குப் போன மகளால் பகலில் தாயின் கையைப் பிடிக்க இயலாது, சுவரில் பதித்த கம்பியால் இயலும். நிதி இல்லை என்பது இரண்டாவது. ஆபத்து மிகுந்த வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் செலவு கட்டுக்குள் நிற்கும் என்பதை மேற்கண்ட சான்றுகளே சொல்கின்றன. சிகிச்சையாளர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்பது மூன்றாவது. இதில் உண்மை இருக்கிறது. பணியிடம் உருவானால்தான் மாணவர் இத்துறைக்கு வருவர். அதுவரை, ஒன்றியத்துக்கு ஒருவர் என்று தொடங்கி, எளிய வீடுகளைத் தன்னார்வலரும் சிக்கலான வீடுகளைச் சிகிச்சையாளரும் பார்க்கும் முறையை அமைக்கலாம்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. கணியம்பாடி ஒன்றியத்தின் மக்களைத் தேடி மருத்துவக் குழுவில் ஒரு செயல்வழி சிகிச்சையாளரை அரசு நியமிக்க வேண்டும். கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அடுக்கம்பாறை அரசுக் கல்லூரியும் பயிற்சியிலும் மதிப்பீட்டிலும் துணை நிற்க வேண்டும். மாத்திரை தர வரும் தன்னார்வலர் ‘இந்த ஒரு வருஷத்துல விழுந்தீங்களாம்மா?’ என்று ஒவ்வொரு முதியவரிடமும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். விழுந்தவர், பக்கவாதம் வந்தவர், எலும்பு முறிந்தவர் ஆகியோரின் வீடுகளுக்குச் சிகிச்சையாளர் முதலில் செல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து இவர்களை அனுப்பும் முன்பே வீட்டைத் தயார்செய்ய வேண்டும். கைப்பிடி, அரைப்படி, விளக்கு ஆகியவற்றுக்கு ஊராட்சி வழியாக ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டும். வயோஸ்ரீ முகாமில் தரும் ஒவ்வொரு கோலும் அவரவர் உயரத்துக்கு அளந்து, பழக்கித் தரப்பட வேண்டும். மாநில அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடியில் கட்டப்படும் வீடுகளின் வரைபடத்திலேயே தாழ்ந்த வாசற்படி, அகலமான கழிப்பறைக் கதவு, பிடிகம்பி பதிக்கும் உறுதியான சுவர் ஆகியவை இடம்பெற வேண்டும். கட்டும்போது சேர்ப்பது, கட்டியபின் உடைத்துச் சேர்ப்பதைவிட மலிவு. இரண்டு ஆண்டுகள் கழித்து, விழுந்தவர் எண்ணிக்கையும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தனவா என்று கணக்கெடுத்து வெளியிட வேண்டும். பலன் தெரிந்தால் மற்ற ஒன்றியங்களுக்கும் இதை விரிவாக்குவது அரசின் கடமை.