வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வி

மதுவிலக்கு என்றதும் நம்மவர் சிந்தை சட்டத்தையும் கடையையுமே நாடுகிறது. 1937-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் துவக்கிய நாள் முதலாக விவாதம் இவ்விரண்டையும் சுற்றியே நடந்து வருகிறது. அவ்விவாதம் அவசியமே. ஆயினும், குடியினால் உடல் கெட்டவன் தானாகவே நடந்து வந்து உதவி கோரும் இடம் ஒன்றுண்டு. அது குடும்ப வைத்தியரின் அறை. அங்கே நடப்பதென்ன?

வயிற்றெரிச்சலுக்கு மருந்து தரப்படுகிறது. ரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது. தூக்கமின்மைக்கு மாத்திரை எழுதப்படுகிறது. இவற்றின் மூலம் மதுவாக இருக்கலாமென்று அறிந்தும், பெரும்பாலும் வைத்தியர் அதைக் கேட்பதில்லை. நோயாளியின் மனம் புண்படுமோ என்ற தயக்கம் ஒருபுறம். வாசலில் காத்திருக்கும் கூட்டம் மறுபுறம். பலன் யாது? 2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட ஆய்வின்படி, தீங்கு விளைக்கும் அளவுக்குக் குடிப்போரும் குடிக்கு அடிமையானோரும் நம் தேசத்தில் 5.7 கோடிக்கு மேற்பட்டவர். அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர்.

வைத்தியரைக் குறை கூறி என்ன பயன்? அவருக்குத் துணை வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த 10 கேள்விகள் இருக்கின்றன. சில நிமிஷங்களில் குடியின் அளவையும் அபாயத்தையும் அவை காட்டிவிடும். கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த பரிசோதனையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. வைத்தியப் பட்டம் பெறாத, ஆனால் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், மிகுதியாகக் குடிக்கும் ஆண்களிடம் நான்கு முறை வரை பேசினர். மூன்று மாதங்களுக்குப் பின், அவர்களில் 100-க்கு 36 பேர் அபாய நிலையிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மீண்டவர் 26 பேரே.

இதில் எச்சரிக்கையும் தேவை. நெடுநாள் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகையோருக்கு உபதேசம் போதாது. வைத்தியரின் நேரான மேற்பார்வை வேண்டும்.

2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையிலேயே வைத்திருக்கும் தமிழ்நாட்டுச் சர்க்காருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் வீடு தேடிச் சென்று கவனிக்க 2021-ல் திட்டம் வகுத்தவர்களுக்கு இது இயலாத காரியமன்று. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை நியமிக்க வேண்டும்; தனியார் வைத்தியர்களுக்கும் பயிற்சி அளிக்க வேண்டும். மது வருமானத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்குவதே நியாயம்.

இதனால் மதுவிலக்குக் கோரிக்கை வலுவிழக்குமென்று தொண்டர்கள் அஞ்ச வேண்டியதில்லை. கடைகள் மூடப்படும் நாளில், அதுவரை குடித்துப் பழகியவர்களைத் தாங்கப் போகிறவரும் இதே வைத்தியர்தாம். அவரை இன்றே தயார் செய்யும்படி சர்க்காரை வற்புறுத்த ஊர்தோறும் தொண்டர்கள் முன்வர வேண்டும்.