பேசும் பொம்மை பாடம் சொல்லுமா?

பட்டனைத் தட்டினால் பொம்மை "அ" என்கிறது. குழந்தையும் "அ" என்கிறது. பெற்றோருக்குப் பூரிப்பு!

இத்தகைய கைப்பொம்மைகள் இன்று தூத்துக்குடியிலும் விற்பனை ஆகின்றன. அம்மா சோறு பொங்கும் வரை பிள்ளை அழாமல் இருக்கிறது. அது பெரிய உதவிதான். ஆனால், பேச்சு வளருமா?

அமெரிக்காவில் 26 குழந்தைகளைப் பெற்றோருடன் விளையாட விட்டுச் சோதித்தார்கள். குழந்தைகளின் வயது 10 முதல் 16 மாதம். முடிவு 2016-ல் வெளியானது. மின்பொம்மை பாடியபோது பெற்றோர் குறைவாகவே பேசினார்கள். படப்புத்தகத்தைப் பிரித்தபோது அதிகம் பேசினார்கள். குழந்தையும் பதிலுக்கு மழலை பேசியது.

காரணம் என்ன? பொம்மை பேசும், பிள்ளை சொல்வதைக் கேட்காது. தப்பாகச் சொன்னால் தாய்தான் திருத்துவாள்.

முத்துக்குளிப்பு இந்தக் கரையில் 1961-ல் கடைசியாக நடந்தது. சோழி விளையாட்டு அதற்குப் பிறகும் நிலைத்தது. சோழி உருட்ட எதிரே ஓர் ஆள் வேண்டும். "எத்தனை விழுந்தது?" என்று பாட்டி கேட்பாள். பிள்ளை எண்ணிச் சொல்லும். அதுதான் முதல் கணக்குப் பாடம்!

மின்பொம்மை வாங்குவோர் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். பேட்டரி மூடி திருகாணியால் இறுகி இருக்க வேண்டும். காசு போன்ற வட்டப் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பொம்மை இருக்கட்டும். பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ உட்காரட்டும்!